விண்மீன்களின் ஹைட்ரஜனும் ஹீலியமும்: திருச்சிராப்பள்ளி வட்டாரத் தொடர்புகள்

சூரியனும் பிற விண்மீன்களும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் இரண்டு வளிமங்களால் ஆனவை. சூரியனின் மேற்பரப்பில் நிறைக்கணக்கில் ஏறத்தாழ 73 விழுக்காடு ஹைட்ரஜன், 25 விழுக்காடு ஹீலியம். மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து 2 விழுக்காட்டை எட்டுவதே அரிது. வியாழன், சனி ஆகிய பெருங்கோள்களிலும் இவ்விரண்டுமே மிகுதி. இன்று பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் இச்செய்தி நிலைபெற ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாறு பொதுவாக லண்டன், பாரிஸ், ஹார்வர்டு ஆகிய இடங்களை வைத்தே சொல்லப்படுகிறது. ஆனால் அதன் மூன்று முக்கியமான இழைகள் காவிரிக் கரையில் திருச்சிராப்பள்ளியை ஒட்டி ஓடுகின்றன. ஒன்று, 1871ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் நடந்த சூரிய கிரகண ஆய்வு. மற்ற இரண்டும் திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவலோடு தொடர்புடைய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சி. வி. ராமன், சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆகியோரின் ஆய்வுகள்.

குண்டூரில் கண்டது என்ன?

ஹீலியம் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்றும், 1868இல் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென் அதைக் கண்டார் என்றும் பல நூல்களில் எழுதப்படுகிறது. இதில் பாதிதான் சரி.

சூடான வளிமம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிரும். அந்த ஒளியை முப்பட்டகத்தின் வழியே விரித்தால் கைரேகை போன்ற கோடுகள் கிடைக்கும். இதை 1859–60இல் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவினர். அதற்குப் பின் வந்த முதல் நீண்ட முழுச் சூரிய கிரகணம் 1868 ஆகஸ்ட் 18 அன்று தென்னிந்தியாவின் மீது விழுந்தது. ஜான்சென் குண்டூரில் இருந்தார். ஆங்கிலேயப் படை அதிகாரி டென்னன்ட்டும் அங்கேயே கருவி அமைத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சந்திரன் சூரியனை முழுதும் மறைத்தபோது விளிம்பில் எழுந்து நின்ற செந்தழல்களின் ஒளியில் ஹைட்ரஜனின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சூரியத் தழல்கள் சூடான ஹைட்ரஜன் என்பது அன்றே தெளிவாயிற்று. கிரகணம் இல்லாமலும் அக்கோடுகளைப் பார்க்க முடியும் என்று மறுநாளே செய்து காட்டியது ஜான்செனின் பெரிய சாதனை.

ஹைட்ரஜன் கோடுகளுடன் மஞ்சள் பகுதியிலும் ஒரு கோடு இருந்தது. பார்த்தவர்களில் பலர் அதைச் சோடியத்தின் கோடு என்றே எடுத்துக்கொண்டனர். அது சோடியத்தின் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று குறித்தவர்களில் போக்சனும் ஒருவர். ஆனால் அது புதிய தனிமம் என்று அவர் சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, ஜான்செனின் முறையை அறியாமலே, கிரகணமின்றித் தழல்களைப் பார்த்த நார்மன் லாக்கியர்தான் அந்தக் கோட்டை விடாமல் பின்தொடர்ந்தார். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளன. இந்தக் கோடு 587.6 நானோமீட்டரில் நின்றது. வேதியியலாளர் எட்வர்டு ஃபிராங்க்லாந்துடன் சேர்ந்து ஆய்வகத்தில் எந்தப் பொருளை எரித்தும் அக்கோட்டைப் பெற முடியாதபோது, சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹீலியம்’ என்னும் பெயர் பிறந்தது. ஆகவே குண்டூரில் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் 1868இல் பலர் கண்ட ஒரு கோட்டிலிருந்து ஹீலியம் பின்னர் உணரப்பட்டது என்பதே பொருத்தம். போக்சனின் பங்கு பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டே போகிறது.

புதுக்கோட்டை, 1871

ஹீலியம் என்ற பெயர் பொதுமேடையில் ஒலித்தது 1871 ஆகஸ்டில். வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) எடின்பரோவில் ஆற்றிய உரையில் அதைக் குறிப்பிட்டார். வேதியியலாளர் பலர் நம்பவில்லை. நான்கே மாதம் கழித்து, 1871 டிசம்பர் 12 அன்று, அடுத்த முழுக் கிரகணம் மீண்டும் தென்னிந்தியாவுக்கு வந்தது. இம்முறை நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்து சென்றது.

அந்தப் பாதை நெடுகிலும் ஆய்வாளர்கள் பரவி நின்றனர். பருவமழைக் காலம் என்பதால் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் ஒரு மேகமே அனைவரையும் ஏமாற்றிவிடும். லாக்கியர் பேக்கல் கோட்டையில் இருந்தார், ஜான்சென் நீலகிரியில், டென்னன்ட் தொட்டபெட்டாவில், போக்சன் அவிநாசியில். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்கு, ரோம் நகரக் கேப்பிட்டல் குன்று வானாய்வகத்தின் இயக்குநர் லொரென்சோ ரெஸ்பிகி வந்தார். தொண்டைமான் மன்னர்களின் தலைநகரான இவ்வூருக்கு அறிவியல் வரலாற்றில் இடம் கிடைத்தது அவர் கொண்டுவந்த கருவியால்தான்.

வழக்கமான நிறமாலைமானியில் ஒளி முதலில் ஒரு மெல்லிய பிளவின் வழியே நுழையும். அதனால் சூரிய விளிம்பின் ஒரு சிறு துண்டை மட்டுமே ஒருமுறை பார்க்க முடியும். கிரகணமோ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ரெஸ்பிகி பிளவையே நீக்கிவிட்டு, தொலைநோக்கியின் முகப்பில் ஒரு முப்பட்டகத்தை வைத்தார். மறைந்த சூரியனைச் சுற்றியுள்ள ஒளி ஏற்கெனவே ஒரு மெல்லிய வளையமாக இருப்பதால் தனியே பிளவு தேவையில்லை. ஒவ்வொரு தனிமமும் தன் நிறத்தில் சூரியனின் முழு வடிவத்தையும் வரைந்து காட்டும். முழு மறைப்புத் தொடங்கியபோது ஹைட்ரஜனின் சிவப்பு, நீல நிறங்களிலும், பெயர் மட்டுமே பெற்றிருந்த ஹீலியத்தின் மஞ்சளிலும் தழல்களின் உருவங்கள் தனித்தனியே தெரிந்தன. பின் அவற்றைச் சூழ்ந்து சூரிய ஒளிமுடியின் வளையங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என விரிந்தன. அதே நாளில் பேக்கலில் லாக்கியரும் பிளவில்லாக் கருவியால் இதுபோன்ற வளையங்களைக் கண்டார். இருவரின் குறிப்புகளும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

பெயர் பெற்றும் நம்பப்படாத ஒரு தனிமம், நன்கு அறியப்பட்ட ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் தானும் ஒரு முழு உருவமாக நின்றது சிறிய செய்தியல்ல. ஒரு கோடு கருவிப் பிழையாக இருக்கலாம். தழலின் அதே வடிவத்தைத் தன் நிறத்தில் திரும்ப வரையும் உருவம் அப்படி இருக்க முடியாது. பச்சை வளையம் வேறு கதை. அதற்கும் ஒரு புதிய தனிமம் காரணம் என்று கருதி ‘கொரோனியம்’ என்று பெயரிட்டனர். எழுபது ஆண்டுகள் கழித்து அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்று தெரிந்தது. ஹீலியத்தை நம்பாதவர்களின் ஐயம் வெறும் பிடிவாதமல்ல என்பதற்கு இதுவே சான்று. ஹீலியம் தப்பியது 1895இல். வில்லியம் ராம்சே கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்.

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையக் கிரகணத்தின் பாதையும் காசர்கோட்டுக் கரையில் தொடங்கி, நீலகிரி, கோயம்புத்தூர் வழியாகப் புதுக்கோட்டை வரை ஏறத்தாழ 1871இன் தடத்திலேயே சென்றது. வளையக் கிரகணத்தில் சூரிய விளிம்பு முழுதும் மறையாததால் ரெஸ்பிகி கண்டதை யாரும் காண முடியவில்லை.

திருவானைக்காவல்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அதன் கிழக்குப் பகுதியில் உள்ளது திருவானைக்காவல். அங்குள்ள ஜம்புகேசுவரர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது. ஹைட்ரஜன் என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் ‘நீரை உண்டாக்குவது’ என்பதே. பழைய தமிழ் அறிவியல் நூல்கள் அதை ‘நீர்வளி’ என்றும் எழுதின. இது தற்செயலான பொருத்தம்தான். இதில் வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

இவ்வூரில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் 1888 நவம்பர் 7 அன்று சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். தந்தை திருச்சிராப்பள்ளியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1892இல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே சென்றது. ராமனின் அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயரின் மகனே 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த வானியற்பியலாளர் சந்திரசேகர். இருவரும் வளர்ந்ததும் படித்ததும் வேறு ஊர்களில் என்பதால், இவர்களது ஆய்வுக்குத் திருச்சி மண் காரணம் என்று சொல்வது மிகை. குடும்பத்தின் வேர் இங்கே இருந்தது என்பது மட்டுமே உண்மை.

அளவு பற்றிய தகராறு

சூரியனில் ஹைட்ரஜனும் ஹீலியமும் உண்டு என்பது 1895க்குள் முடிந்துபோன செய்தி. எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. சூரிய நிறமாலையில் இரும்பின் கோடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எனவே பூமி எதனால் ஆனதோ ஏறத்தாழ அதனாலேயே சூரியனும் ஆனது என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தனர்.

இதை உடைக்கும் கருவியைத் தந்தவர் மேகநாத சாகா. வெப்பநிலையும் அழுத்தமும் மாறும்போது எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு அவர் 1920இல் ஒரு சமன்பாடு தந்தார். ஒரு கோடு வலுவாகத் தெரிந்தால் அத்தனிமம் மிகுதி என்று பொருளல்ல. அந்த வெப்பநிலையில் அதன் அணுக்கள் ஒளியை உறிஞ்ச வசதியான நிலையில் உள்ளன என்பதே பொருள். ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த சிசிலியா பெய்ன் 1925இல் இச்சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் தனிம அளவுகளைக் கணக்கிட்டார். மற்றத் தனிமங்கள் பூமியின் விகிதத்துக்கு நெருங்கி வந்தன. ஹீலியமும், அதைவிட ஹைட்ரஜனும், பல மடங்கு மிகுந்து நின்றன. ஹைட்ரஜன் உலோகங்களைப்போல் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு. அன்றைய அமெரிக்க வானியலின் முதன்மையானவரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இது நடக்க முடியாதது என்று எழுதினார். அதனால் பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே, இந்த அளவு உண்மையானதாக இருக்க வாய்ப்பில்லை என்று ஒரு வரி சேர்க்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். அவர் பெய்னின் முன்னுரிமையைக் குறிப்பிட்டிருந்தும், நெடுங்காலம் பெருமை ரஸ்ஸலுக்கே போயிற்று.

சந்திரசேகரும் ஹீலியக் கருவும்

இந்தத் தகராறு தீராத காலத்தில்தான் சந்திரசேகர் ஆய்வுக்குள் நுழைந்தார். 1930இல், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில், வெண்குறு விண்மீனுக்கு ஒரு மேல்நிறை எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்ட கதை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று: 1931இல் அவர் வெளியிட்ட எண் 1.44 அல்ல, 0.91 சூரிய நிறை. கணக்கில் தவறில்லை. விண்மீன் கனமான தனிமங்களால் ஆனது என்ற அன்றைய எண்ணத்தின்படி, எலக்ட்ரான் ஒன்றுக்கான சராசரி மூலக்கூறு எடையை 2.5 என்று எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியமோ கார்பனோ எஞ்சிய விண்மீனுக்கு அது 2. இந்த எண்ணின் இருமடியால் வகுக்க வேண்டியிருப்பதால் எல்லை 1.44 ஆக உயர்கிறது. விண்மீன் எதனால் ஆனது என்ற கேள்வி அந்தப் புகழ்பெற்ற எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

1938–39இல் ஹான்ஸ் பெத்தே, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாவதே விண்மீனின் ஆற்றல் மூலம் என்று விளக்கினார். சூரியன் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அப்படியானால் சேரும் ஹீலியம் என்ன ஆகும்? அது நடுவில் சாம்பல்போல் தங்கும், உடனே எரியாது. பிரேசில் நாட்டு இயற்பியலாளர் மாரியோ ஷோன்பெர்குடன் சேர்ந்து சந்திரசேகர் 1942இல் இதற்கு விடை கண்டார். எரியாத ஹீலியக் கரு, விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரைதான் மேலுள்ள அடுக்குகளின் சுமையைத் தாங்கும். அதைக் கடந்தால் கரு சுருங்கும். வெளிப்புறம் ஊதிப் பெருத்து விண்மீன் செம்பெருமீனாக மாறத் தொடங்கும். இது ஷோன்பெர்க்–சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது. பொதுவாசகர்களிடையே 1.44க்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வானில் காணும் பல செந்நிற விண்மீன்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதுவே வழி.

ஹைட்ரஜன் பற்றிய அவரது இன்னொரு பணி நம் கண்ணில் படும் வெயிலைப் பற்றியது. ஹைட்ரஜன் அணு ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். இந்த எதிர் ஹைட்ரஜன் அயனிதான் சூரிய மேற்பரப்பில் ஒளியை மறிக்கிறது என்று ரூபர்ட் வில்ட் 1939இல் சொன்னார். அது எந்த நிறத்தை எவ்வளவு மறிக்கும் என்பதை 1940களின் நடுவில் சந்திரசேகர் துல்லியமாகக் கணக்கிட்டு, கருத்தை உறுதிப்படுத்தினார். சூரியனுக்குக் கூர்மையான விளிம்பு இருப்பதுபோல் தோன்றுவது அங்கே மிகச் சிறிய அளவில் உள்ள இந்த அயனியால்தான்.

யுரேனசில் ராமன் விளைவு

கோள்களுக்கு வந்தால் சிக்கல் வேறு. சனியின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு, 0.69, அதில் லேசான பொருளே மிகுதி என்று எளிதில் ஊகிக்கலாம். ஆனால் ஊகத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. கோள்களின் குளிர்ந்த ஹைட்ரஜன் இரட்டை அணு மூலக்கூறாக இருக்கிறது. அது சமச்சீரானதால் ஒளியை உறிஞ்சுவதே இல்லை எனலாம். 1952இல்தான் கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க், யுரேனசின் நிறமாலையில் காரணம் தெரியாதிருந்த ஒரு பட்டை, அழுத்தத்தில் நெருக்கப்பட்ட ஹைட்ரஜனுடையது என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுக் காட்டினார். சந்திரசேகர் பணியாற்றிய யெர்க்கிஸ் வானாய்வகத்தில் அவரும் 1945 முதல் 1948 வரை இருந்தவர்.

இங்கே ராமன் வருகிறார். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அவர் அறிவித்த விளைவு இதுதான்: ஒளி ஒரு மூலக்கூறின் மீது மோதிச் சிதறும்போது, அதன் ஒரு சிறு பகுதி மூலக்கூறைச் சுழலவோ அதிரவோ செய்து, அந்த அளவு ஆற்றலை இழந்து நிறம் மாறி வெளிவரும். உறிஞ்ச மறுக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறும் இவ்வழியில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 1929இலேயே ஹைட்ரஜனில் இந்த விளைவு அளக்கப்பட்டது. எல்லா மூலக்கூறுகளிலும் ஹைட்ரஜனே லேசானது என்பதால் அதன் நிறமாற்றமும் மிகப் பெரியது.

யுரேனசின் மேல் வளிமண்டலம் ஆழமாகவும் பெரும்பாலும் தெளிவாகவும் உள்ளது. சூரிய ஒளி வெகுதூரம் உள்ளே சென்று ஹைட்ரஜனில் சிதறித் திரும்புகிறது. சூரிய ஒளியில் இயல்பாகவே கருங்கோடுகள் உண்டு. ராமன் விளைவு நிகழ்ந்தால், பக்கத்து நிறங்களிலிருந்து இடம் மாறிவந்த ஒளி அக்கோடுகளைச் சற்று நிரப்பும். கோடுகளின் மங்கலான நிழலுருவும் வேறிடத்தில் தோன்றும். 1973இல் பெல்டன், வாலஸ், பிரைஸ் ஆகிய மூவரும் யுரேனசின் நிறமாலையில் இதைக் கண்டு வெளியிட்டனர். ராமன் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. யுரேனசின் நீலப்பச்சை நிறத்துக்கு ராமன் விளைவே காரணம் என்று சில இடங்களில் எழுதப்படுவது தவறு. சிவப்பொளியை உறிஞ்சும் மீத்தேனே அதற்கு முதற்காரணம்.

எஞ்சி நிற்கும் ஹீலியம்

ஹீலியம் ஒற்றை அணு. சுழலவோ அதிரவோ அதற்கு இணை இல்லை. எனவே ஹைட்ரஜனைக் காட்டிக்கொடுத்த ராமன் வழி அதனிடம் செல்லாது. ஹைட்ரஜனுடன் மோதி அதன் அகச்சிவப்பு ஒளியில் ஹீலியம் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கொண்டோ, விண்கலத்தின் வானொலி அலைகள் வளிமண்டலத்தில் வளைவதைக் கொண்டோதான் அதை மறைமுகமாக அளக்க வேண்டும். நேரடியாக அளக்கப்பட்ட பெருங்கோள் வியாழன் ஒன்றே: 1995இல் உள்ளே இறங்கிய கலிலியோ ஆய்வுக்கலம் அங்கே ஹீலியத்தின் நிறைப்பங்கு 0.234 என்று கண்டது. சூரியன் தோன்றியபோது இருந்த பங்கைவிட இது குறைவு. ஆழத்தில், உலோகத்தன்மை அடைந்த ஹைட்ரஜனில் கரையாமல் ஹீலியம் துளிகளாகப் பிரிந்து மழைபோல் கீழே இறங்குகிறது என்பதே தரப்படும் விளக்கம். அத்துளிகளில் கரையும் நியானும் வியாழனின் மேற்பகுதியில் மிகக் குறைந்திருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது.

சனியில் இந்த மழை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். சூரியனிடம் பெறுவதைவிட அது வெளிவிடும் வெப்பம் மிகுதியாக இருப்பதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வாயேஜர் தரவிலிருந்து முதலில் பெறப்பட்ட 0.06 என்னும் ஹீலியப் பங்கு, 2000இல் அதே தரவை மீண்டும் ஆராய்ந்தபோது 0.18 முதல் 0.25 வரை என்று மாறிவிட்டது. யுரேனசுக்கு அருகே சென்று அளந்த கலம் 1986 ஜனவரியில் கடந்துபோன வாயேஜர் 2 மட்டுமே.